ஒரு பல் தள்ளி

செப்டம்பர் 29, ஞாயிறு

அப்பா கார் வாங்கிவிட்டார். வெள்ளை மாருதி. அப்பா எடை போடும் தேங்காய்க் களத்தில் முதலாளியின் நாய் மழைக்கு ஒதுங்கும் இடமாக இருந்தது. இன்று காலை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். தெருவே நின்று பார்த்தது. நாயும் பின்னாலேயே வந்துவிட்டது. அதைத் திருப்பி அனுப்புவதுதான் சிரமமாக இருந்தது.

கார் எதற்கு என்று நான் கேட்கவில்லை. நான் எதையும் கேட்பதில்லை. அம்மாவே சொன்னாள். தை பிறந்தால் எனக்குப் பதினெட்டு முடிகிறது. தரகர் நாச்சிமுத்து தாராபுரம் பக்கமிருந்து ஒரு ஜாதகம் கொண்டுவந்திருக்கிறார். பேச்சுவாக்கில் அப்பா அவரிடம் எங்களுக்குச் சொந்தக் கார் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் அதை அங்கே போய்ச் சொல்லிவிட்டார். அதனால் கார் வாங்க வேண்டியதாகிவிட்டது.

அக்டோபர் 2, புதன்

அம்மாவின் தம்பி திருமூர்த்தி மாமா வந்தார். உடுமலையில் கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கார் எஞ்சினை இதுவரை பிரித்ததில்லை. அதனால் என்ன, சுற்றுவதெல்லாம் ஒன்றுதான் என்றார்.

பானட்டைத் திறந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே பல் வைத்த கறுப்புப் பெல்ட் ஒன்று வெடிப்பு விட்டிருந்தது. அதுதான் டைமிங் பெல்ட். கீழே ஒரு சக்கரம், மேலே ஒரு சக்கரம், இரண்டையும் அது சேர்த்துப் பிடித்திருக்கிறது. கீழே பிஸ்டன் ஏறி இறங்கும் கணக்குக்கு மேலே வால்வு திறந்து மூட வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஐயரையும் மேளக்காரரையும் பார்த்துக்கொண்டு நடுவில் ஒருவர் நின்று கை காட்டுவாரே, அந்த வேலை. அவர் கை தப்பினால் தாலி கட்டும் முன்பே கெட்டிமேளம் வந்துவிடும்.

என் வேலை ஒரு கையில் டார்ச், மறு கையில் மாமாவின் போன். போனில் ஒரு மலையாள மெக்கானிக் இதே காருக்கு பெல்ட் மாற்றும் வீடியோ ஓடியது. அவர் பேசியதில் பாதி புரிந்தது. கையால் காட்டியது முழுக்கப் புரிந்தது. இரண்டு சக்கரங்களிலும் கம்பெனியிலேயே குறி வெட்டியிருக்கிறது. அவற்றுக்கு நேர் எதிரே எஞ்சினிலும் குறி இருக்கிறது. அது இதற்கு நேராக நின்ற பிறகுதான் பெல்ட்டை மாட்ட வேண்டும்.

மாமா வீடியோவைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். பழைய பெல்ட் இருக்கும்போதே இரண்டு சக்கரங்களிலும், அவற்றுக்கு எதிரிலும், சுண்ணாம்பால் ஒவ்வொரு பொட்டு வைத்தார். "அவன் குறி அவனுக்கு, நம்ம குறி நமக்கு" என்றார். பிறகு பெல்ட்டைக் கழற்றினார். ஒரு நட்டு உருண்டு காருக்கு அடியில் போனது. நான் அதைச் சொன்னேன்.

"வேலை நடக்கறப்பப் பேசாத அம்மிணி. கவனம் செதறுது" என்றார்.

அப்புறம் பேசவில்லை. நட்டை அரை மணி நேரம் தேடினார்.

அக்டோபர் 5, சனி

பெல்ட் உடுமலையில் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டுமாம். வெண்டைக்காய் நான்கு செடியில் காய்த்திருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அரிவாள்மனை, தையல் மெஷின், அப்பாவின் தராசுக் கற்கள், மிக்சி எல்லாம் கழுவித் துடைத்தாயிற்று. காருக்குப் பூஜை போடாமல் விட அம்மாவுக்கு மனம் வரவில்லை. வயிற்றைத் திறந்துபோட்டபடி நிற்கிறது, அதற்கு ஒரு பொட்டுகூட இல்லாவிட்டால் எப்படி என்றாள். அம்மாவுக்கு மூன்று வருடத்துக்கு முன் வயிற்றில் ஆபரேஷன் ஆனது. திறந்த வயிறு என்றால் அவளுக்கு இரக்கம்.

ஈரத்துணியால் எஞ்சினை நன்றாகத் துடைத்தாள். மேல் சக்கரத்தைத் திருப்பித் திருப்பித் துடைத்தாள். பிறகு உருண்டையாக இருந்த எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். மேல் சக்கரத்துக்கு ஒன்று, கீழ்ச் சக்கரத்துக்கு ஒன்று, அவற்றுக்கு எதிரே ஒவ்வொன்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அம்மாவின் ஆபரேஷனின்போது நான் ஒன்பதாவது படித்தேன். சமைக்க ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். அம்மாவுக்குக் குணமாயிற்று. என்னைத் திரும்ப அனுப்ப எல்லாரும் மறந்துவிட்டார்கள். நானும் ஞாபகப்படுத்தவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அப்போது பெரிய லாபமாகத் தெரிந்தது.

பொரி நிறைய மீந்துவிட்டது.

அக்டோபர் 13, ஞாயிறு

நாச்சிமுத்து வந்து நாள் சொன்னார். நவம்பர் பத்தாம் தேதி. தாராபுரம் போகும் வழியில் ஒரு அம்மன் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பது. கோயில் என்றால், பிடிக்காமல் போனாலும் சாமி கும்பிட வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். பிடித்திருந்தால் அங்கேயே பையனின் அம்மா என் தலையில் பூ வைத்துவிடுவார். பூ வைத்துவிட்டால் அப்புறம் பேச்சில்லை.

அவர்களுக்குப் பணமோ நகையோ பெரிதில்லையாம். மூத்த மருமகள் ஓயாமல் பேசுகிறவள். பேசிப் பேசியே மூத்த மகனைத் தனிக்குடித்தனம் கொண்டுபோய்விட்டாள். அதனால் அந்த அம்மா ஒரே ஒரு விஷயம்தான் கேட்கிறாராம், பெண் வாயடக்கமாக இருக்க வேண்டும்.

"அந்த வகையில நம்ம புள்ளைக்குக் கொறையே இல்லீங்க. வாயிருக்கறதே சோறு தின்னத்தான்னு சொல்லிப்போட்டேன்" என்றார் நாச்சிமுத்து.

எல்லாரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஒன்பதாவது வரைக்கும் இதற்காகத்தான் டீச்சர் திட்டினார்.

வாடகைக் கார் வைத்துப் போகலாமா என்று அம்மா கேட்டாள். சொந்தக் கார் என்று சொன்ன பிறகு அது முடியாது, இந்தக் கார் ஓடினால்தான் போவது என்று அப்பா சொல்லிவிட்டார்.

அக்டோபர் 15, செவ்வாய்

பெல்ட் வந்தது. மாமாவும் வந்தார்.

குங்குமம் உதிர்ந்து சந்தனம் மட்டும் வெளுத்துக் காய்ந்திருந்தது. மாமா டார்ச்சை அங்கே காட்டச் சொன்னார். "குறி எப்படி நிக்குது பார், கல்லுல வெட்டினாப்பல" என்று அப்பாவிடம் சொன்னார். மேல் பொட்டை மேல் பொட்டுக்கு நேராகவும், கீழ்ப் பொட்டைக் கீழ்ப் பொட்டுக்கு நேராகவும் திருப்பி நிறுத்திப் புதுப் பெல்ட்டை மாட்டினார்.

மேல் சக்கரத்தில் கம்பெனி வெட்டிய குறி, சேர வேண்டிய இடத்துக்கு ஒரு பல் பின்னால் நின்றது. டார்ச் என் கையில்தான் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வேலை நடக்கும்போது பேசக் கூடாது என்று மாமா சொல்லியிருக்கிறார். பேசவில்லை.

அக்டோபர் 16, புதன்

கத்தரிக்காய்க் குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். எனக்கு அப்படி ஆகாது.

அக்டோபர் 20, ஞாயிறு

மாமா மூடியெல்லாம் மாட்டி, புது பேட்டரி வைத்துச் சாவியைத் திருப்பினார். முதலில் இருமியது. பிறகு கார்புரேட்டர் பக்கம் ஒரு வெடி. பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை ஏறிவிட்டன.

இப்போது தீப்பொறியின் நேரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றார். பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் போல்ட்டைத் தளர்த்தி உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினால் பொறி முந்தும், பிந்தும். அதற்கென்று விளக்கு ஒன்று உண்டு, அதை அடித்துப் பார்த்து வைக்க வேண்டும் என்று வீடியோவில் காட்டினார்கள். மாமா காதை வைத்துக் கேட்டுத் திருப்பினார். ஒரு இடத்தில் எஞ்சின் சமாதானமானது. எவ்வளவு திருப்ப முடியுமோ கிட்டத்தட்ட அவ்வளவும் திருப்பியிருந்தார்.

மாமா ஓட்ட, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்கால் வரை போய் வந்தார்கள். இறக்கத்தில் பறந்தது என்றார் அப்பா. ஏற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கார் இன்று எத்தனை தரம் வெடித்தது என்று யாருக்கும் தெரியாது.

நவம்பர் 3, ஞாயிறு

பையனின் போட்டோ வந்தது. பெயர் சபரிநாதன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். நான் போட்டோவைப் பார்க்கவில்லை. நீலச் சட்டை, பையில் பேனா, இடது காது கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கிறது.

அவர் மேல் எனக்கு ஒன்றுமில்லை.

அம்மா என் தலையை வாரிக்கொண்டே, பிடித்திருக்கிறதா கண்ணு என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே, "அவ என்னத்தச் சொல்லப் போறா, பாவம்" என்று சொல்லிவிட்டுப் பின்னலை முடிந்தாள்.

திறந்த வாயை மூட ரப்பர் பேண்டை வாயில் கடித்துக்கொண்டேன்.

நவம்பர் 9, சனி

காரைத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தேன். பானட்டைத் திறந்து உள்ளேயும் பார்த்தேன், தூசி இருக்கிறதா என்று. பெல்ட் மூடி இறுக்கமாக இருக்கிறது. இனிமேல் சொன்னால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். மாமாவுக்கு மனக்கஷ்டம். பெரியவர்களுக்கு மனக்கஷ்டம் கொடுக்கக் கூடாது.

அம்மா தன் பச்சைப் புடவையை எனக்கு எடுத்து வைத்திருக்கிறாள்.

நவம்பர் 10, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் கிளம்பினோம். மாமா ஓட்டினார். முன்னால் அப்பா, பின்னால் அம்மா, நான், நாச்சிமுத்து. ஐந்து பேர் ஏறியதும் கார் ஒரு முறை பெருமூச்சு விட்டது. ஊரைத் தாண்டும் வரை நன்றாகத்தான் போனது. காற்றாலைகள் நிற்கும் பொட்டல் வந்ததும் பாலம் ஒன்று ஏற வேண்டியிருந்தது. மாமா மிதிக்க மிதிக்கக் கார் மெதுவாயிற்று. ஒரு வெடி, இன்னொரு வெடி. சூட்டு முள் மேலே ஏறியது. பாலத்தின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளி, அந்தப் பக்கம் உருட்டிவிட்டு, ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். நானும் தள்ளினேன். பச்சைப் புடவை கிழியவில்லை.

நாச்சிமுத்து கோயிலில் காத்திருந்த பையன் வீட்டாருக்குப் போன் செய்தார். அவர்கள் தங்கமானவர்கள். நல்ல நேரம் போய்விடக் கூடாதே என்று தங்கள் ஆம்னி வேனில் நாங்கள் இருந்த இடத்துக்கே வந்துவிட்டார்கள். பையன், பையனின் அப்பா, அம்மா. அந்த அம்மாவின் கையில் தேங்காய் பழத் தட்டும் மல்லிகைச் சரமும் இருந்தன.

அப்புறம் நடந்ததெல்லாம் எனக்குச் சாதகமாகவே நடந்தது. பெட்ஷீட் விரித்து மரத்தடியில் உட்கார்ந்தோம். மாமாவும் பையனின் அப்பாவும் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். பையன் ஒரு ஓரமாக நின்று காற்றாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சுற்றவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். வெயில் ஏறியது, லாரிகள் புழுதி வாரி அடித்தன, நான் குனிந்த தலை நிமிரவில்லை. பையனின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன அக்கப்போர்லயும் ஒரு வார்த்த வாய்ல இருந்து வந்துச்சா பாருங்க. என் பெரிய மருமகளா இருந்திருந்தா இந்நேரம் காரு வித்தவனோட பாட்டன் வரைக்கும் திட்டியிருப்பா" என்றார் அம்மாவிடம். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு மல்லிகைச் சரத்தை எடுத்தார். எனக்குப் பின்னால் வந்து நின்றார். மல்லிகையின் ஈரம் என் கழுத்தில் பட்டது.

அதே நேரம் மாமா டிஸ்ட்ரிபியூட்டரை இன்னும் திருப்பப் பார்த்தார். அதற்கு மேல் திருப்பினால் உடைந்துவிடும் போல இருந்தது. அதனால்தான் பேசினேன். வேறு காரணம் இல்லை.

"அதத் திருப்பி ஒண்ணும் ஆகாதுங்க மாமா. மேல் சக்கரம் ஒரு பல் தள்ளி நிக்குது. நீங்க வச்ச சுண்ணாம்பு பூஜையன்னிக்கே அழிஞ்சிருச்சு. நீங்க பாத்து மாட்டினது அம்மா வச்ச சந்தனமுங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இவ்வளவு நீளமாக நான் பேசி யாரும் கேட்டதில்லை. மாமா தலையைத் தூக்கியபோது பானட்டில் இடித்துக்கொண்டார். அம்மா தன் விரலைப் பார்த்தாள், சந்தனம் இன்னும் அதில் இருப்பது போல.

கழுத்தில் பட்ட பூ விலகிவிட்டது. பையனின் அம்மா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"மாட்டறப்பவேங்க."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலீங்க."

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். என்னை அப்படிப் பார்த்த முதல் ஆள் அவர்தான். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"தப்பா நெனக்காதீங்க. என் பெரிய மருமக மூச்சு விடாமப் பேசுவா. அவ மனசுல என்ன இருக்குதுன்னு ஊருக்கே தெரியும். இந்தப் புள்ள ஒரு மாசமா மனசுலயே வச்சிருந்து எல்லாரையும் நடு ரோட்டுல எறக்கி விட்டிருக்குது." மல்லிகைச் சரத்தை அம்மா கையில் கொடுத்தார். "இத சாமி படத்துக்குப் போட்டுக்கங்க. எனக்கு அவளே பரவால்லீங்க."

வேன் கிளம்பும்போது பையன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று கேள்விப்பட்ட பையனைப் போல இருந்தது முகம்.

காரை டிராக்டரில் கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதற்குப் பழக்கம்தான்.

நவம்பர் 11, திங்கள்

யாரும் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் முன்பு போல இல்லை. இப்போது நான் சும்மா இருந்தால் அம்மா பயப்படுகிறாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது இரண்டு தரம் வந்து, "என்ன நெனச்சிட்டிருக்கறே?" என்று கேட்டாள். பாத்திரத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

ஒரு வாரம் எட்டிப் பார்க்காத மாமா இன்று வந்தார். "போனை எடு அம்மிணி" என்று மட்டும் சொன்னார்.

மூடியைக் கழற்றினார். மேல் சக்கரத்தைத் துடைத்ததும் வெட்டுக் குறி தெரிந்தது. ஸ்பேனர் போட்டுக் கீழ்ச் சக்கரத்தைத் திருப்பி அதன் குறிக்கு நேராக நிறுத்தினார். பெல்ட்டைத் தளர்த்தி, மேல் சக்கரத்தை ஒரு பல் நகர்த்தி மாட்டினார். பிறகு கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் குறிகள் மறுபடி அதே இடத்துக்கு வருகின்றனவா என்று பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் என் பக்கம் திரும்பி, "செரியா?" என்றார். பேசாமல் இருப்பதைவிட இது சிரமமாக இருந்தது. சரி என்று நான் சொல்லி அது தப்பாகப் போனால் அது என் தப்பு. இத்தனை நாள் என் பேரில் தப்பே இருந்ததில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரை நடுவுக்குக் கொண்டுவந்தார். டைமிங் விளக்கை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்திருந்தார். நான்தான் பிடித்தேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இருமாமல் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக் கோழிகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒரு பல்லுதான் மச்சான். எப்பேர்ப்பட்ட மெக்கானிக்குக்கும் வர்றதுதான்" என்று மாமா அப்பாவிடம் சொன்னார்.

நவம்பர் 24, ஞாயிறு

நாச்சிமுத்து வந்தார். எனக்குச் சரியாகப் புரிகிறதா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டேன், மனதுக்குள்.

பல்லடத்தில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பையனாம். அன்று வேப்பமரத்தடியில் நடந்ததை இவர் எங்கோ சிரிப்புக்காகச் சொல்லியிருக்கிறார். பையன் சிரிக்கவில்லை. புடவை கட்டிக்கொண்டு, எஞ்சினைத் திறக்காமலே ஒரு பல் தள்ளி என்று சொன்ன பெண் யார், எந்த ஊர் என்று துருவிக் கேட்டானாம். ஜாதகம்கூட வேண்டாம் என்கிறானாம். வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பல்லடம் போய் வீட்டையும் ஒர்க்‌ஷாப்பையும் பார்த்துவிட்டு வரலாமாம்.

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல. இது தெய்வமாகப் பார்த்துக் கொடுத்தது என்றாள் அம்மா. தான் பெல்ட்டைத் தப்பாக மாட்டியதால்தானே இந்த இடம் அமைந்தது என்று மாமா நினைக்க ஆரம்பித்துவிட்டார் என்று தோன்றுகிறது. கார் இப்போது பாலமெல்லாம் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது என்று மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

உண்மைதான். சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதில் ஒரு குறையும் இல்லை. நானே விளக்குப் பிடித்து வைத்த டைமிங்.

நவம்பர் 25, திங்கள்

அப்பா காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஊற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது தோசையைத் தட்டில் வைத்தபோது சொன்னேன்.

"எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாமுங்கப்பா."

அப்பா காரைத் திரும்பிப் பார்த்தார், அதில் ஏதாவது கோளாறோ என்று. பிறகு என்னைப் பார்த்தார். பையன் பிடிக்கவில்லையா என்று கேட்டார். பையனை நான் பார்த்ததே இல்லை என்றேன். அம்மா கையில் சட்னிக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"அப்ப வேற என்னதான் பண்றதா உத்தேசம்?" என்றார் அப்பா.

"அது இன்னும் தெரியலீங்கப்பா. தெரிஞ்சா சொல்றேன்."

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் கார் வாங்கியிருக்க வேண்டாமே என்றாள். அப்பா தோசையைப் பிய்த்தபடியே இருந்தார், தின்னவில்லை. வெகுநேரம் கழித்துக் கை கழுவி வந்து நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டார். பிள்ளை இப்போது வேண்டாம் என்கிறது என்றார். அந்தப் பக்கம் நாச்சிமுத்து போட்ட சத்தம் அடுப்படி வரை கேட்டது. அந்தப் பிள்ளையா, அதுவா சொன்னது, நீங்களே ஏதோ மனசு மாறிவிட்டுப் பிள்ளை மேல் பழி போடுகிறீர்கள் என்றார்.

அப்பா போனைக் காதிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு கண்ணு. நாஞ் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு."

தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாங்கினேன். என்ன பேசினேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. வேண்டாமுங்க என்று இரண்டு தரம் சொன்னேனாம். அம்மா சொல்கிறாள். முதல் தரம் வாய் மட்டும்தான் அசைந்ததாம், சத்தம் வரவில்லையாம்.